தையல் ஊசியிலிருந்து விண்கலம்வரை

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. நாம் உறங்கும்போதும் அது ஓய்வதில்லை. அத்தகைய இதயம் வலுவிழந்துவிட்டால், மாற்று இதயம் கிடைக்கும்வரை நோயாளியின் உயிரைக் காப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி. அந்தத் தேடலில் அவருக்குத் தோள்கொடுத்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். விண்வெளிப் பொறியியலாளர்களும் ஆவர்.

டிபேக்கி 1908ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்தின் லேக் சார்ல்ஸ் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் லெபனானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். தாயார் தையற்கலையில் வல்லவர். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பார். அருகிலிருந்து பார்த்த சிறுவன் டிபேக்கியும் ஊசியையும் நூலையும் கையில் எடுத்தான். துணியை அளந்து வெட்டவும் தைக்கவும் பின்னவும் கற்றுக்கொண்டான். இளமையில் பழகிய இந்தக் கைத்திறன் பிற்காலத்தில் பலருடைய உயிரைக் காக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

நியூ ஆர்லின்ஸ் நகரிலுள்ள துலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோதே டிபேக்கி ஒரு பம்பை உருவாக்கினார். இரத்தம் தண்ணீரைப் போன்றதன்று. அதிலுள்ள சிவப்பணுக்கள் மென்மையானவை. இயந்திரத்தின் பாகங்களில் மோதினால் சிதைந்துவிடும். ஆகவே, இரத்தம் இயந்திரத்தையே தொடாதபடி அவர் ஒரு வழி கண்டார். இரத்தம் ஓடும் இரப்பர்க் குழாயை வெளியிலிருந்து உருளைகள் வரிசையாக அழுத்திச் செல்லும். பற்பசைக் குழாயை அழுத்தினால் பசை முன்னோக்கி நகர்வதைப்போல, இரத்தமும் குழாயினுள் முன்னோக்கி நகரும். உருளைப் பம்பு எனப்படும் இது முதலில் இரத்தம் ஏற்றுவதற்கே பயன்பட்டது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த எளிய கருவி மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தது. 1953ஆம் ஆண்டு மே மாதத்தில், பிலடெல்பியா நகரில் மருத்துவர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை செய்தார். அப்போது 26 நிமிடங்களுக்கு ஓர் இயந்திரமே அப்பெண்ணின் இதயமாகவும் நுரையீரலாகவும் செயல்பட்டது. அந்த இயந்திரத்தில் இரத்தத்தைச் செலுத்தியது உருளைப் பம்புதான்.

இதற்கிடையே ஹியூஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்திருந்த டிபேக்கி, வேறொரு சிக்கலில் மூழ்கியிருந்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி பழுதடைந்தால், அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு எதை வைத்து இணைப்பது? துணியால் குழாய் செய்து பார்க்கலாம் என்று அவர் நினைத்தார். நைலான் துணி வாங்கக் கடைக்குச் சென்றார். அங்கு நைலான் தீர்ந்துபோயிருந்தது. டேக்ரான் என்னும் புதுவகைத் துணிதான் இருந்தது. அதை வாங்கி வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். தற்செயலாகக் கிடைத்த அந்தத் துணியே மிகப் பொருத்தமானதாக அமைந்தது. தாயாரிடம் கற்ற தையல், இரத்தக் குழாய்களைச் சீர்செய்யும் மருத்துவமாக மாறியது.

1966ஆம் ஆண்டில் டிபேக்கி அடுத்த அடியை எடுத்துவைத்தார். அறுவை சிகிச்சைக்குப் பின் இதயம் சரிவர இயங்காத ஒரு பெண்ணுக்கு, உடலுக்கு வெளியே பொருத்தப்பட்ட பம்பு ஒன்று பத்து நாள்கள் துணைநின்றது. இதயம் தேறியதும் பம்பு அகற்றப்பட்டது. அப்பெண் நலமுடன் வீடு திரும்பினார். ஆனால், பம்பு சிறிதாகி உடலுக்குள்ளேயே பொருந்தினால்தான் நோயாளிகள் மாதக்கணக்கில் நடமாட முடியும். அதற்கான வழி எளிதில் புலப்படவில்லை.

அந்த வழி எதிர்பாராத இடத்திலிருந்து திறந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜான்சன் விண்வெளி மையமும் ஹியூஸ்டன் நகரில்தான் உள்ளது. அங்குப் பணியாற்றிய பொறியியலாளர் டேவிட் சோசியர் கடுமையான மாரடைப்புக்கு ஆளானார். 1984ஆம் ஆண்டில் டிபேக்கியும் அவருடைய சக மருத்துவர் ஜார்ஜ் நூனும் அவருக்கு மாற்று இதயம் பொருத்தினர். உயிர்பிழைத்து வேலைக்குத் திரும்பிய சோசியர், மாற்று இதயத்திற்காகக் காத்திருக்கும் மற்ற நோயாளிகளை மறக்கவில்லை. “விண்கலத்திற்குப் பயன்படும் அறிவு இதயத்திற்கும் பயன்படாதா?” என்னும் எண்ணம் அவருள் எழுந்தது. மருத்துவர்களும் நாசா பொறியியலாளர்கள் சிலரும் வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் கூடிப் பேசலாயினர். முறையான திட்டமாகத் தொடங்காத அம்முயற்சிக்கு 1992இல் நாசாவின் நிதியுதவி கிடைக்கத் தொடங்கியது.

விண்கலத்திற்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு? விண்ணோடத்தின் முதன்மை இயந்திரத்தில் திரவ ஹைட்ரஜனைச் செலுத்தும் பம்பு இருந்தது. அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 35,000 முறை சுழலும். இதயப் பம்பும் சுழன்றே இரத்தத்தைத் தள்ள வேண்டும். ஒன்றில் உறைகுளிர் எரிபொருள். மற்றொன்றில் வெதுவெதுப்பான இரத்தம். எனினும், குறுகிய இடத்தில் ஒரு திரவத்தைத் தடையின்றிச் செலுத்துவதே இரண்டிற்கும் பொதுவான பணியாகும்.

முதலில் செய்த பம்புகளில் இரண்டு குறைகள் தென்பட்டன. வேகமாகச் சுழலும் விசிறி சிவப்பணுக்களைச் சிதைத்தது. இரத்தம் தேங்கும் மூலைகளிலோ அது உறைந்து கட்டியாகியது. பம்பினுள் ஓடும் இரத்தத்தைக் கண்ணால் பார்த்துக் குறையைக் கண்டறிய இயலாது. எனவே, கலிபோர்னியாவிலுள்ள நாசா ஆய்வாளர்கள், விண்ணோட இயந்திரத்தின் எரிபொருள் ஓட்டத்தைக் கணித்த அதே முறையில், மீத்திறன் கணினியின் உதவியோடு இரத்த ஓட்டத்தைக் கணித்தனர். எங்கே அழுத்தம் கூடுகிறது, எங்கே ஓட்டம் தேங்குகிறது என்பவை திரையில் தெரிந்தன. விண்ணோடப் பம்பில் உள்ளதைப்போல, விசிறிக்கு முன்னால் திருகு வடிவப் பகுதி ஒன்றைச் சேர்த்தனர். அது இரத்தத்தை மெல்லச் சுழற்றி விசிறியிடம் ஒப்படைத்தது. சிவப்பணுக்களின் சிதைவு வெகுவாகக் குறைந்தது.

முடிவில் உருவான பம்பின் நீளம் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 100 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அது, நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்த வல்லது. 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெர்லின் நகரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கான பம்பு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இப்பம்பு இதயத்தைப்போல் விட்டுவிட்டுத் துடிப்பதில்லை. ஆற்றைப்போல் இடைவிடாமல் ஓட்டத்தைத் தருகிறது. எனவே, இதைப் பொருத்தியவர்களின் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடித்துடிப்பை உணர்வது அரிது! இரத்தம் உறையாமலிருக்க அவர்கள் தொடர்ந்து மருந்து உட்கொள்ளவும் வேண்டும். குறைகள் முற்றிலும் நீங்கவில்லை என்றாலும், காத்திருப்பவர்களுக்குக் காலம் கிடைத்தது.

2005ஆம் ஆண்டின் கடைசி நாளன்று டிபேக்கிக்கே கடுமையான நெஞ்சுவலி ஏற்பட்டது. தமக்குப் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம் என்பதை அவரே ஊகித்துவிட்டார். அந்நோய்க்கான அறுவை சிகிச்சையை 1950களில் உருவாக்கிய முன்னோடி அவர்தாம்! 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், 97ஆவது வயதில், அவருக்கு அதே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. செய்தவர் அவரோடு இதயப் பம்பை உருவாக்கிய ஜார்ஜ் நூன். இதய-நுரையீரல் இயந்திரம் அவருடைய உயிரைத் தாங்கியது. பழுதடைந்த பெருந்தமனிக்கு மாற்றாக டேக்ரான் குழாய் பொருத்தப்பட்டது. மாணவப் பருவத்திலும் நடுவயதிலும் பிறருக்காக அவர் விதைத்தவை முதுமையில் அவருக்கே நிழல் தந்தன. மீண்டும் பணிக்குத் திரும்பிய டிபேக்கி, 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நூறு வயதை எட்ட இரண்டு மாதங்களே இருந்த நிலையில், இயற்கை எய்தினார்.

தையல், மருத்துவம், விண்வெளிப் பொறியியல் ஆகியவை வெவ்வேறு துறைகளாகத் தோன்றலாம். டிபேக்கி அவற்றுக்கிடையே வேலி போடவில்லை. தாயாரிடம் கற்றார், கடையில் கிடைத்ததைப் பயன்படுத்தினார், தம்மிடம் சிகிச்சை பெற்ற பொறியியலாளரின் யோசனைக்கும் செவிசாய்த்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கத் தயங்காத அந்தப் பண்பே உள்ளங்கை அளவுள்ள ஒரு பம்பாக உருப்பெற்றது.

சிந்தித்து விடையளித்திடுக

1. உருளைப் பம்பில் இரத்தம் இயந்திரப் பாகங்களைத் தொடாதவாறு அமைத்ததன் காரணம் என்ன?
2. விண்ணோடத்தின் எரிபொருள் பம்புக்கும் இதயப் பம்புக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
3. ‘பிறருக்காக அவர் விதைத்தவை முதுமையில் அவருக்கே நிழல் தந்தன’ என்னும் தொடரைச் சான்றுகளுடன் விளக்குக.
4. உமக்குத் தெரிந்த ஒரு கைத்திறன் வேறொரு துறைக்கு எவ்வாறு பயன்படலாம் என்பதை நண்பரோடு கலந்துரையாடுக.