செல்ஃப் எடுக்காத குட்டி டிராக்டர்: மருமகளுக்கு ஒரு கடிதம்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மருமகளுக்கு,

குட்டி டிராக்டருக்குச் சாலைக் கம்போளத்தில் ஒரு ஸ்டார்ட்டர் சுவிட்ச் வாங்கி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் அதே கடிதத்தில், “சுவிட்ச் வரும்வரை அப்பா ஸ்க்ரூடிரைவரை வைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொள்கிறார்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல், இன்றோடு அது வேண்டாம்.

செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கும் சோலனாய்டின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டால் செல்ஃப் சுற்றும், உண்மைதான். ஆனால் அப்போது சாவி, நியூட்ரல் சுவிட்ச் எதையும் கேட்காமலே கரண்ட் பாய்கிறது. வண்டி கியரில் நின்றாலும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அந்த நொடியே வண்டி நகரும். ஸ்டார்ட் செய்தவர் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். விலகிக்கொள்ள நேரம் கிடைக்காது. உலகமெங்கும் டிராக்டர்காரர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

செல்ஃப் எதற்காக வந்தது தெரியுமா? 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். எஞ்சின் எதிர்த்துத் திருப்பினால் மணிக்கட்டு முறியும். நம் பக்கத்து வயல்களில் ஓடும் பழைய பவர் டில்லர்களும் கையால் சுற்றுகிறவைதான். அத்தாணியில் 1973-ல் தொடங்கிய காம்கோ நிறுவனத்தின் டில்லரை நீயே பார்த்திருப்பாய். செல்ஃப் வந்ததே ஆள் சீட்டில் உட்கார்ந்தபடி கிளப்பத்தான். அதனால் சுவிட்சை மாற்றும்போது கரண்ட் போகும் வழி முழுவதையும் சரிசெய்யப் பார்.

வழி இதுதான். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் நேராகச் சோலனாய்டுக்குப் போகிறது. செல்ஃப் மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும், அந்தக் கரண்ட் சாவிப் பக்கமே வராது. மெல்லிய ஒயர் ஒன்று ஃப்யூஸ், சாவி சுவிட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச் வழியாகச் சோலனாய்டின் சின்ன முனைக்கு வருகிறது. சோலனாய்டை இழுக்க அதுவுமே ஒரு கணம் பல ஆம்பியர் சுமக்க வேண்டும். வருஷக்கணக்கில் அதைச் சுமந்து சுமந்துதான் சுவிட்சின் உள்முனைகள் கரிந்துபோகின்றன.

சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடு. ஒரு சத்தமும் இல்லையென்றால் கோளாறு அந்த மெல்லிய ஒயரின் வழியில் இருக்கலாம். ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால், சோலனாய்டின் உள் காண்டாக்ட் அல்லது பெரிய கேபிளைப் பார். ‘டக்டக்டக்’ என்று அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் எர்த் துரு ஏறியிருக்கும். சத்தம் கேட்கும் இந்த இரண்டு நிலைக்கும் புது சுவிட்ச் வாங்குவது வீண் செலவு.

டெஸ்ட் லாம்ப் எரிகிறது, அதனால் ஒயர் சரி என்று எழுதியிருக்கிறாய். மக்ளே, அதை நம்பாதே. லாம்புக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், கரிந்த முனை வழியாகவும் அது பளிச்சென்று எரியும். பாரம் ஏறும்போதுதான் வண்டவாளம் தெரியும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சின் பிடிக்காமலிருக்க ஸ்டாப் குமிழையும் இழுத்து வை. அத்தான் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்கட்டும். நீ சக்கரத்துக்கு முன்னால் நிற்காமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சின் பேட்டரி முனையிலும் மற்றதை ஸ்டார்ட் முனையிலும் வை. 0.2 வோல்ட், 0.3 வோல்ட் காட்டினால் சுவிட்ச் நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கழற்று. நியூட்ரல் சுவிட்சையும் இதே மாதிரி அளந்து பார். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

சுவிட்சே குற்றவாளி என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்று. மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டு. சுவிட்சின் பின்புறத்தைப் போட்டோ எடுத்து, ஒயர் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிவை. நிறத்தை மட்டும் நம்பாதே, பழைய வண்டியில் யார் எந்த ஒயரை எப்போது மாற்றினார்களோ! முனையில் ‘பி’ அல்லது 30 என்றிருந்தால் பேட்டரி. ‘எஸ்.டி.’ அல்லது 50 என்றிருந்தால் ஸ்டார்ட். 19 என்றிருந்தால் ஹீட்டர் பிளக். நம் ஊர்ப் பக்கம் தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் நனைக்கும். செம்பு பச்சை பிடித்திருக்கும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் வைத்து இறுக்கு, முறுக்கி ஒட்டாதே.

பழைய சுவிட்சோடு நீயே வா. தம்பானூரில் இறங்கி, ஓவர்பிரிட்ஜ் தாண்டித் தெற்கே நடந்தால் வலப்பக்கம் கோட்டை, இடப்பக்கம் சாலை. புது சுவிட்ச் பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் கடைக்காரர் முன்னாலேயே சாவியின் ஒவ்வொரு நிலையிலும் எந்த முனைகள் சேருகின்றன என்று மீட்டர் வைத்துப் பழையதோடு ஒப்பிடு. ஸ்டார்ட்டில் விட்டதும் சாவி தானே துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் செல்ஃப் மோட்டார் வெந்துபோகும்.

கூடவே 40 ஆம்பியர் ரிலே ஒன்றும் வாங்கு. பழைய வண்டிக்கு இதைவிட நல்ல உபகாரம் எனக்குத் தெரியாது. இதுவரை சோலனாய்டின் சின்ன முனைக்குப் போன ஒயரை ரிலேயின் 86 என்ற முனையில் கொடு, 85-ஐ எர்த்தில் கொடு. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சோலனாய்டுக்கு. இனி சுவிட்ச் சுமப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. நியூட்ரல் சுவிட்சும் அதே வழியில் அப்படியே இருக்கும், அதைக் கடந்து ஒயர் இழுக்காதே.

மாட்டி முடித்ததும் ஸ்டாப் குமிழை இழுத்து, பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதித்து, கியரைப் போட்டுச் சாவியை ஒரு நொடி திருப்பிப் பார். உன் வண்டியில் இருப்பது கியர் நியூட்ரல் சுவிட்ச் என்றால் செல்ஃப் சுற்றவே கூடாது. கிளட்ச் சுவிட்ச் என்றால் நியூட்ரலில், கிளட்ச் மிதிக்காமல் திருப்பிப் பார், அப்போதும் சுற்றக் கூடாது. சுற்றினால் அந்தச் சுவிட்சையும் கழற்றிக்கொண்டு சனிக்கிழமை வா. அதுவரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
மாமா