அறுந்த ராடு எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் தெரு அடிபம்பில் ராடு அறுந்துவிட்டது. மெக்கானிக் ஆட்களோடு வந்து மொத்தக் குழாயையும் மேலே இழுத்துத்தான் சரிசெய்தார். பாதி நாள் ஆயிற்று. ராடு ஆழத்தில் விழுந்து கிடக்கிறதென்றால், கயிற்றில் காந்தமோ கொக்கியோ கட்டி இறக்கி எடுத்திருக்கலாமே? இதற்கென்றே ஒரு கருவி உண்டு என்று என் மாமா சொல்கிறார். தோல் கம்பெனித் தண்ணீரில் உள்ள குரோமியம்தான் ராடைத் தின்கிறது என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், பேர்ணாம்பட்டு

பதில்: நல்ல கேள்வி. ஒன்றுக்குள் மூன்று இருக்கிறது. உங்கள் மாமா சொல்வது சரி, அப்படி ஒரு கருவி உண்டு. மெக்கானிக் செய்ததும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்பீர்கள். அதற்கு முதலில் 'விழுந்து கிடக்கிறது' என்ற எண்ணத்தைக் கொஞ்சம் விலக்க வேண்டும்.

நம் தெருக்களில் நிற்கும் அடிபம்பு பெரும்பாலும் இந்தியா மார்க் 2 வகை. மராட்டியத்தின் சோலாப்பூரில் மிஷனரிகள் உருவாக்கிய பம்பை அடிப்படையாக வைத்து, 1970களில் யூனிசெப் துணையோடு வடிவமைத்தது. அதன் ஆரம்பத் தயாரிப்பு சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலையில்தான் நடந்தது. போருக்குள் 32 மி.மீ. ஜி.ஐ. பைப் தொங்குகிறது. அதன் அடி நுனியில் சிலிண்டர், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற பித்தளை உள்ளறை. ராடுகள் இருப்பது போருக்குள் அல்ல, அந்தப் பைப்புக்குள். 12 மி.மீ. தடிமன், 3 மீட்டர் நீளம். ஒன்றோடொன்று கப்ளிங்கில் மரை முடுக்கி இணைத்திருக்கும். கடைசி ராடின் முனையில் பிஸ்டன்.

எனவே நடுவில் ஒரு ராடு அறுந்தால் கீழ்ப்பகுதி எங்கும் போய்விடுவதில்லை. ஒரு சாண் தூரம் சறுக்கி, பிஸ்டன் சிலிண்டரின் அடியில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேலுள்ள ராடுகள் பைப்பின் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்தபடி அப்படியே நிற்கும். போரின் அடியாழத்தை உங்கள் ராடு பார்க்கவே இல்லை.

அப்படியானால் மேலேயிருந்து பிடித்து உருவிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் அளவு குறுக்கே வருகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ., பிஸ்டனும் ஏறக்குறைய அதே அகலம். மேலேயுள்ள 32 மி.மீ. பைப்பின் உள்வழியோ சுமார் 36 மி.மீ. தான். ராடை எவ்வளவு கெட்டியாகப் பிடித்து இழுத்தாலும் பிஸ்டன் சிலிண்டரின் தலையில் முட்டி நின்றுவிடும். பைப்பைக் கழற்றாமல் பிஸ்டன் வெளியே வராது. பிஸ்டன் வராமல் அதோடு முடுக்கிய ராடும் வராது. உங்கள் மெக்கானிக் ஆட்களைக் கூட்டிவந்ததற்கு முழுக் காரணமும் இதுதான். 30 மீட்டர் ஆழமென்றால் பைப், அதனுள் நிற்கும் தண்ணீர், ராடு எல்லாம் சேர்ந்து 150 கிலோ தாராளமாக வரும். அதைத் துண்டு துண்டாகத் தூக்கி, ஒவ்வொரு மூட்டிலும் கிளாம்ப் போட்டு நிறுத்திக் கழற்ற வேண்டும்.

காந்தத்தையும் பார்த்துவிடுவோம். பைப்பும் இரும்புதான். காந்தத்தை இறக்கினால் ராடைத் தேடிப் போகாது, முதலில் எட்டிய பைப்புச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறி ராடின் நுனியைத் தொட்டாலும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டனின் பரப்பு சுமார் 32 சதுர செ.மீ. நீர்மட்டம் 30 மீட்டர் கீழே இருந்தால் பிஸ்டன் மேல் தண்ணீர் அழுத்தும் பாரமே 95 கிலோ. ராடுகளின் எடை இன்னொரு 27 கிலோ. பென்சில் பருமனைவிடச் சற்றே பெரிய ஒரு நுனியைத் தொட்டுக்கொண்டு இவ்வளவையும் தூக்கும் காந்தம் அந்தக் குழாய்க்குள் நுழையாது. கைதவறி போருக்குள் விழுந்த ஸ்பேனரை எடுக்கக் காந்தம் நல்ல உதவி. ராடுக்கு அல்ல.

இனி மாமா சொன்ன கருவிக்கு வருவோம். அதன் கதை பிஸ்டனின் வாஷரில் தொடங்குகிறது. பிஸ்டனைச் சுற்றிக் கிண்ண வடிவில் வாஷர்கள் உண்டு. தண்ணீர் கீழே கசியாமல் அடைப்பவை அவைதான். முன்பு அவை தோலால் ஆனவை. தோல் நனைந்து தேயும்போதெல்லாம் இந்த வாஷருக்காகவே மொத்தக் குழாயையும் தூக்க வேண்டியிருந்தது. 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் உலக வங்கி, யூனிசெப் ஆகியவற்றின் பங்களிப்போடு நடந்த களச் சோதனையில் இதற்கு இரண்டு தீர்வுகள் தேறின. ஒன்று, தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர். எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் ஈடுகொடுக்கும் செயற்கை ரப்பர் அது. தோலைவிட நெடுநாள் உழைத்தது. மற்றொன்று, பைப்பையே 65 மி.மீ. ஆக அகலப்படுத்துவது. அதன் உள்வழி 68 மி.மீ. இருக்கும், பிஸ்டன் பைப் வழியாகவே மேலே வந்துவிடும். இதுதான் இந்தியா மார்க் 3. அகலப் பைப்பின் எடையும் விலையும் அதிகம் என்பதால் மார்க் 2 அளவுக்கு அது பரவவில்லை. ஆனால் ராடு மீட்கும் கருவிக்கு உண்மையான வேலை அங்கேதான்.

அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால் எளிமையாக இருக்கும். ஒரு குட்டையான குழல், அதன் வாய் மணி போல் விரிந்திருக்கும். உள்ளே மேல்நோக்கிச் சரிந்த பல்லுள்ள ஆப்புகள். ராடின் நுனி கீழிருந்து நுழையும்போது ஆப்புகள் மேலே ஒதுங்கி வழி விடும். கருவியை மேலே இழுத்தால் ஆப்புகள் சரிவில் கீழே இறங்கி ராடைக் கவ்வும். பாரம் கூடக் கூடக் கவ்வலும் இறுகும். மீன் பிடிக்கும் பறியில் உள்ளே போகும் வழி இருந்தும் திரும்பும் வழி இல்லாததைப் போலத்தான்.

வாயின் அகலம்தான் இதில் சூட்சுமம். ராடு நடுவில் நிற்பதில்லை, சுவரில் சாய்ந்து நிற்கிறது என்றேன். கருவி பைப்பின் எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் இந்தப் பக்கம் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் ராடு கருவிக்கு வெளியே நழுவி நிற்கும், நீங்கள் எத்தனை முறை இறக்கினாலும் சிக்காது. 6 மி.மீ.க்குள், அதாவது ராடின் பாதித் தடிமனுக்குள் இருந்தால்தான் வாயின் சரிவு நுனியை உள்ளே தள்ளிக்கொண்டுபோகும். 68 மி.மீ. வழிக்கு 63 மி.மீ. வாய் பொருந்தும், 50 மி.மீ. வாய் வீண். பட்டறையில் கைக்குக் கிடைத்த குழாய்த் துண்டில் செய்த கருவிகள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு அளவில்தான். கருவியைக் கயிற்றில் இறக்குவதும் உதவாது. மிச்ச ராடுகளில் முடுக்கி இறக்கினால்தான் தட்டுவதும் திருகுவதும் கைக்குத் தெரியும். இன்னொன்று, கவ்விய பிறகு இழுக்க முடியவில்லை என்றால் திருகி விடுவிக்கும் ஏற்பாடு கருவியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ராடோடு கருவியும் உள்ளே தங்கிவிடும்.

பைப்பே மூட்டில் அரித்து அறுந்து போருக்குள் விழுந்தால் கதை வேறு. அப்போதுதான் நீங்கள் நினைத்தபடி எல்லாமே உண்மையாக அடியில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் எந்த முனை மேலே இருக்கிறது என்று அறிய, பழைய ஆட்கள் ஒரு கட்டையின் அடியில் சோப்போ மெழுகோ அப்பி இறக்குவார்கள். மேலே எடுத்தால் உடைந்த வாயின் அச்சு அதில் பதிந்திருக்கும். வட்டமாகப் பதிந்தால் பைப்பின் வாய் நிமிர்ந்திருக்கிறது, பிறை போல் பதிந்தால் சுவரில் சாய்ந்திருக்கிறது. நிமிர்ந்த வாய்க்குள் கூம்பு மரைக் கருவியை, அதாவது போகப் போகத் தடிக்கும் எஃகு மரையைத் திருகி இறக்கினால், அது பைப்புக்குள் தானே மரை வெட்டிக்கொண்டு பிடித்துவிடும். சீனத்தின் சிகோங் உப்புக் கிணறுகளில் 1835இலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் துளைத்துவிட்டார்கள். மூங்கிலும் இரும்பும் கொண்டு துளைத்த அந்த ஆழத்தில் ஒடிந்து விழுந்ததை எடுக்க அவர்களிடம் விதவிதமான கவ்விகள் இருந்தன. இன்று எண்ணெய்க் கிணற்றில் பயன்படுவதும் அதே யோசனைகள்தான்.

கடைசியாகக் குரோமியம். உங்கள் ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது பாலாற்றங்கரை முழுதும் நினைவிருக்கும். ஆனால் ராடு விஷயத்தில் குற்றவாளி குரோமியம் அல்ல, சாதாரண உப்பு. தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைத்தான் தேய்த்து அனுப்புகிறார்கள். தொழிற்சாலையில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. குரோமியத்தின் பெரும்பகுதியைச் சுத்திகரிப்பில் வண்டலாகப் படியவைத்துவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது, நிலத்தடிக்கு இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதில் ஓடும், இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். பக்கத்தில் சிலிண்டரின் பித்தளையும் இருப்பதால் கீழ் ராடுகளின் இரும்பு இன்னும் சீக்கிரம் கரையும். ராடின் துத்தநாகப் பூச்சோ பைப்புச் சுவரில் உரசி உரசி முன்பே போயிருக்கும்.

ஆனாலும் துரு மட்டும் ராடை அறுப்பதில்லை. பாரம் தாங்காமலும் அறுவதில்லை. புது ராடின் மரைப்பகுதி மூன்று டன்னுக்கு மேல் தாங்கும், அதன்மேல் விழுவது சுமார் 120 கிலோதான். அறுப்பது உலோகத்தின் அசதி. நிமிடத்துக்கு 40 அடி, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஆண்டுக்கு 70 லட்சம் முறை ராடு இழுபட்டுத் தளர்கிறது. மரையின் பள்ளத்தில் துரு குழி விழவைத்தால், அங்கே மயிரிழை விரிசல் பிறந்து ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நகரும். கப்ளிங்கைச் சரியாக முடுக்காவிட்டால் ராடு ஆடி, விரிசலை இன்னும் சீக்கிரம் திறந்துவிடும். உங்கள் மெக்கானிக் எடுத்துவைத்த அறுந்த முனையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகப் பழுப்பேறியிருந்தால் அது மாதக்கணக்கில் விரிந்த பழைய விரிசல். மீதி சொரசொரப்பாகப் பளபளத்தால் அது கடைசி நாளில் ஒடிந்த இடம். பழுப்புப் பகுதி பெரிதாக இருந்தால் உங்கள் போரில் மற்ற ராடுகளும் அதே நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை பம்பைத் திறக்கும் முன்னரே அறுந்த இடத்தை ஓரளவு சொல்லிவிடலாம். தண்ணீர் வராமல், கைப்பிடி விட்டதும் மேலே எழும்பாமல் கீழேயே கிடந்தால், தொங்கும் ராடின் எடை அதற்கு இல்லை என்று பொருள், அறுந்தது மேலே. கைப்பிடி வழக்கம்போல் எழும்பியும் தண்ணீர் வராவிட்டால் அறுந்தது ஆழத்தில், அல்லது வாஷர் போய்விட்டது. குழாயை முழுதும் எடுக்கும் நாளில் ஒரு ராடை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல், எல்லா ராடுகளையும் தரையில் வரிசையாகப் போட்டு, மரைகளைத் துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் விழுந்தவற்றை ஒதுக்குங்கள். முடிந்தால் ஊராட்சியிடம் கேட்டு, துருப்பிடிக்காத எஃகு ராடு போடுங்கள். உங்கள் பக்க உப்புத் தண்ணீருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.