ஹிட்லரைக் கவிழ்க்கக் கதை எழுதுவோருக்கு

ஜெர்மானியரே ஆயுதம் எடுத்து நாஜி ஆட்சியைக் கவிழ்த்திருந்தால் என்ற கற்பனையோடு எழுத உட்காரும் தம்பி தங்கைகளே, கொஞ்சம் கேளுங்கள்.

1. கர்னல் ஸ்டாஃபன்பெர்க் ஹிட்லரின் கூட்ட மேசைக்கடியில் குண்டு வைத்த 1944 ஜூலை 20 ஒன்றே கதி என்று கிடக்காதீர்கள். 1938 செப்டம்பரில் ராணுவ அதிகாரி ஹான்ஸ் ஆஸ்டரும் கூட்டாளிகளும் ஹிட்லரைப் பிடிக்கத் தயாராக இருந்தார்கள்; ஹிட்லருக்குப் போரில்லாமலே வெற்றி தந்த மியூனிக் ஒப்பந்தம் வந்து காரியத்தைக் கெடுத்தது. 1939 நவம்பர் 8 அன்று மியூனிக் பீர் மண்டபத் தூணுக்குள் தச்சர் கியோர்க் எல்சர் தனியாளாக ஒளித்துவைத்த குண்டு வெடித்தது. ஹிட்லர் 13 நிமிடம் முன்பே கிளம்பிவிட்டார். தளபதிகளைவிட எனக்கு இந்தத் தச்சரைத்தான் பிடிக்கும்.

2. வரலாற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவதை மாற்றினால் அது மாயாஜாலக் கதை.

3. ஜூலை 20க்கே வந்தாலும் மேசைக்காலை விட்டுவிடுங்கள். குண்டுப்பை ஓக் மரக் காலுக்கு மறுபுறம் நகர்ந்ததும், ஒரு கையும் மூன்று விரலுமாக ஸ்டாஃபன்பெர்க் இரண்டு வெடிபொதிகளில் ஒன்றை மட்டுமே முடுக்க முடிந்ததும் எல்லோரும் எழுதித் தேய்த்தவை.

4. தொலைபேசியைப் பாருங்கள். ஹிட்லர் இறந்துவிட்டார் என்று சொல்லி, அன்று பெர்லினில் அரசு அலுவலகங்களை வளைக்கச் சதிகாரர்கள் அனுப்பியவர் மேஜர் ரெமர். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அவர் கையில் தொலைபேசியைக் கொடுத்தார். மறுமுனையில் ஹிட்லரின் குரல். அத்தோடு மேஜர் கட்சி மாறினார், சதி சரிந்தது. பாரிஸிலோ அன்றிரவே சதியில் இருந்த ஜெனரல் ஷ்டூல்ப்நாகலின் ஆட்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்.எஸ்.காரர்களைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். உத்தரவு வந்தது, படை பணிந்தது, அவ்வளவுதான். 1934 முதல் ஹிட்லர் பெயரிலேயே சத்தியம் செய்த படை அது. அந்தக் குரல் இல்லையென்றால் யாருக்குப் பணியும்? எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்கா, சதிகாரர்களின் தலைவர் ஜெனரல் பெக்குக்கா? உங்கள் நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

5. சதிகாரர்களைப் புனிதராக்காதீர்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் நேபே, 1941இல் பெலாரஸில் யூதர்களைக் கொன்று குவித்த படைப்பிரிவின் தலைவர். சதி வென்றால் பிரதமராக்கத் திட்டமிடப்பட்டிருந்த கோயர்டலர் ஆஸ்திரியாவைத் திருப்பிக்கொடுக்க நினைக்கவில்லை. இதை மறைத்தால் வாசகர் உங்களை நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

6. நேச நாடுகளை மறக்காதீர்கள். 1943 ஜனவரியிலேயே காசாபிளாங்காவில், எதிரியிடம் கேட்பது நிபந்தனையற்ற சரணாகதி மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள். 1944 ஜூலையில் சோவியத் படை போலந்துக்குள் வந்தாயிற்று. பெக்கின் தூதருக்காக ஸ்டாலின் ஏன் நிற்க வேண்டும்? ஆகஸ்ட் 1 அன்று வார்சாவில் ஜெர்மானியருக்கு எதிரான எழுச்சி வெடித்தது. உங்கள் கதையில் அது வெடிக்குமா? அதை முடிவுசெய்துகொண்டு முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள்.