பாட்ரிக் அடியாரும் அவர் சரித்திரத்தைத் திருத்திய துறவியும்

அடியார் சரித்திரம் எழுதப் புகுவார் யாவரும் முன்னோர் நூல்களைக் கொண்டே எழுதுவர். கொண்டவற்றை இகழ்ந்துகொண்டே கொள்வாரும் அவருட் சிலர் உளர். அயர்லாந்தின் பாட்ரிக் அடியாரது வரலாற்றைக் கி. பி. 1185-ஐ அடுத்து இலத்தீனில் எழுதிய ஜாஸ்லின் அத்தகையர். இவர் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள பர்னெஸ் மடத்துத் துறவி.

முன்னைய சரித்திரங்கள் கல்லாதார் நடையில் இருத்தலின் கற்றோர் அவற்றை வெறுக்கின்றனர் என்று அவர் தம் முகவுரையிற் கூறுகின்றார். ஆயினும் அவருடைய நூலிற் பெரும்பகுதி அப்பழைய நூல்களின் வழிவந்ததே. ஏழாம் நூற்றாண்டில் மூர்க்கூ, திரேக்கான் என்னும் அயர்லாந்தார் இருவர் எழுதிவைத்த மரபு அது. ஜாஸ்லின் திருத்தியது பெரும்பாலும் சொல்லையே. அற்புதங்களையோ அவர் குறைத்தாரல்லர், பெருக்கினார்.

இந்நூலை வேண்டினோர் யாவர்? அர்மாப் பேராயர், டவுண் அத்தியட்சர், ஜான் டி கூர்சி என்னும் பிரபு ஆகிய மூவர். டி கூர்சி 1177-இல் இங்கிலாந்திலிருந்து வந்த படையினருள் ஒருவராய் நின்று டவுண் நாட்டை வாளாற் கவர்ந்தவர். பாட்ரிக், பிரிஜிட், கொலும்பா என்னும் மூவருடைய எலும்புகளும் அந்நாட்டிற் கண்டெடுக்கப்பட்டன என்று சொல்லி, 1186-இல் அவற்றை அவர் ஆலயத்திற் சிறப்புடன் வைப்பித்தார். வாளாற் பெற்ற நாட்டிற்கு ஓர் அடியாருடைய துணையும் வேண்டியிருந்தது போலும்! ஆனால், இந்நூல் வென்றோர் சூழ்ச்சியே என்று தள்ளிவிடுதலும் முறையன்று. வேண்டினோருள் பேராயரும் அத்தியட்சரும் அயர்லாந்தாரே.

அக்காலத்தே அயர்லாந்தின் அடியாரை வெளிப்படையாகப் பழித்தவர் வேல்ஸ் நாட்டுக் ஜெரால்டு. 1185-இல் இளவரசர் ஜானுடன் அங்குச் சென்ற இவர், அந்நாட்டு அடியார் பிறநாட்டு அடியாரினும் பழிவாங்குதலில் விரைந்தவர் என்று எழுதினார். இரத்தசாட்சி ஒருவரும் அங்கு இலர் என்றும் குறைகூறினார். அதற்குக் காசெல் பேராயர் விடையிறுத்தார்: எம்மவர் முரடராயினும் தேவமனிதர்மேற் கைவைத்ததில்லை, இனி அது செய்யவல்ல கூட்டம் இந்நாட்டிற்கு வந்துவிட்டது என்பது அவ்விடையின் கருத்து. கான்டர்பரிப் பேராயர் பெக்கெட்டை ஆங்கில அரசருடைய வீரர் ஆலயத்தினுள்ளே வெட்டிக் கொன்றது 1170-இல் அன்றோ? இவ்விடையை மறையாது எழுதிவைத்தவரும் ஜெரால்டே என்பது வியப்பு.

இன்னுமொரு வியப்பு பாம்புகளைப் பற்றியது. பாட்ரிக் பாம்புகளைத் தீவினின்று துரத்தினார் என்று ஜாஸ்லின் விரித்துரைக்கின்றார். ஜெரால்டோ, அங்குப் பாம்புகள் என்றுமே இருந்ததில்லை என்று அதனை மறுக்கின்றார். பீட் என்னும் ஆங்கிலத் துறவி 731-இல் முடித்த திருச்சபைச் சரித்திரமும் அயர்லாந்திற் பாம்பு வாழாது என்றே கூறும். பாட்ரிக்கின் பெயரை ஆண்டுச் சொல்லாது. போற்றியவர் பிழைக்க, பழித்தவர் மெய் கூறினார்.

பாட்ரிக் தாமே எழுதிய ‘அறிக்கை’ இன்றும் உளது. அதிற் பாம்பும் இல்லை. மந்திரவாதிகளோடு நிகழ்ந்த போட்டியும் இல்லை. அடிமையாய்க் கவரப்பட்ட ஒருவர், தாம் பாவியென்றும் கல்வியறிவில்லாத நாட்டுப்புறத்தான் என்றும் நாணிக் கூறி, தம் இலத்தீனின் குறைக்காக வருந்துகின்றார். ஜாஸ்லின் வெறுத்த அக்கல்லாதார் நடை முதன்முதல் அவ்வடியாருடைய நடையே.