நுண்துகள் விடு தூது

முன்னுரை

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் தூது தனிச்சிறப்புடையது. அன்னம், மயில், கிளி, முகில், தென்றல் முதலியவற்றை நம் புலவர் தூது விடுத்தனர். மொழியையே தூதாக்கிய தமிழ்விடு தூதும் நம்மிடம் உண்டு. வள்ளுவப் பெருந்தகை தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செய்தியைச் சிதையாது காத்தல், உரியவரை அடைதல், உரிய காலத்தில் உரைத்தல் ஆகிய மூன்றும் தூதுவனின் கடமைகள் எனலாம். மணலின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்துகளைக் கொண்டு இம்மூன்றையும் உயிரணுவுக்குள் நிகழ்த்த அறிவியலார் முயன்று வருகின்றனர். அம்முயற்சியை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தூதின் தேவை

நோயாளிக்குச் செலுத்தப்படும் மருந்து குருதியில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. நோயுற்ற உயிரணுவைச் சென்றடைவது அதில் ஒரு சிறு பங்கே. புற்றுநோய் மருந்துகள் பல நல்ல உயிரணுக்களையும் தாக்குவதனாலேயே முடி உதிர்தல் போன்ற துன்பங்கள் நேர்கின்றன. மரபணுத் துண்டு, புரதம் ஆகிய உயிர்ப்பொருள்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குருதியிலுள்ள நொதிகள் அவற்றை வழியிலேயே சிதைக்கும். தப்பியவற்றையும் உயிரணுச் சவ்வு எளிதில் உள்ளே விடாது.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலிலும் வாழைத் தோட்டத்திலும் இதே இடர்ப்பாட்டைக் காண்கிறோம். தெளிக்கும் மருந்தில் ஒரு பகுதியே பயிரில் தங்குகிறது. எஞ்சியது காற்றோடும் மண்ணோடும் கலந்து, தெளிப்பவரின் மூச்சிலும் புகுகிறது. ஆகவே மருந்தின் அளவைக் கூட்டுவதினும், அதனைக் கொண்டு சேர்க்கும் வழியைத் திருத்துவதே அறிவுடைமையாம்.

தேனடை போன்ற துகள்

சிலிக்கனும் ஆக்சிஜனும் கூடிய சேர்மமே சிலிக்கா. 1968இல் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் ஸ்டோபரும் அவர்தம் குழுவினரும் ஒரே அளவான சிலிக்கா நுண்ணுருண்டைகளை ஆக்கும் முறையை வெளியிட்டனர். 1992இல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் ஒழுங்கான துளைகளையுடைய சிலிக்காவை உருவாக்கிக் காட்டினர்.

அதன் செய்முறை வியப்புக்குரியது. சவர்க்கார இயல்புடைய ஒரு பொருளை நீரில் கரைத்தால், அதன் மூலக்கூறுகள் நுண்ணிய கோல்களாகத் திரளும். அக்கோல்களைச் சுற்றிச் சிலிக்கா படிந்து இறுகும். பின்னர்ச் சூடேற்றிக் கோல்களை எரித்து நீக்கினால், அவை இருந்த இடமெல்லாம் துளைகளாகும். குறுக்கே நோக்கின், அறுகோண அறைகள் அணிவகுத்த தேனடை போலத் தோன்றும். துளையின் அகலம் ஏறத்தாழ 3 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்காகும். இத்தகைய சிலிக்கா ஒரு கிராமின் பரப்பையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது நம்மூர்க் கணக்கில் 25 சென்ட் நிலம் தேறும். இவ்வளவு பரப்பு உள்ளமையால் மருந்தை மிகுதியாக ஏற்கிறது. 2001இல் ஸ்பெயின் நாட்டு மரியா வாலெட்-ரெஹி குழுவினர் இபுப்ரொஃபென் என்னும் வலிநீக்கி மருந்தை இத்துளைகளில் நிரப்பி, அது மெல்ல மெல்ல வெளிவருமாறு செய்தனர்.

உயிரணுவின் வாயில்

துகள் சவ்வைத் தொட்டதும், சவ்வு உட்குழிந்து அதனைப் பைபோல் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வழியில் மருந்து சிந்தாதிருக்கத் துளைவாயில்களுக்கு மூடியிடுவர். இம்மூடியைக் கந்தகப் பிணைப்பால் கட்டுவது ஒரு முறை. குளுட்டாதயோன் என்னும் பொருள் உயிரணுவின் உள்ளே, வெளியில் உள்ளதினும் பன்மடங்கு மிகுதி. அது பிணைப்பை அறுக்கும், மூடி திறக்கும், மருந்து வெளிப்படும். உரிய இடமே திறவுகோலாவது இம்முறையின் நுட்பம்.

தாவர உயிரணுவுக்குச் சவ்வின்மேல் செல்சுவர் என்னும் அரணும் உண்டு. 2007இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விக்டர் லின் உள்ளிட்ட அறிஞர்கள் இவ்வரணையும் கடந்தனர். துகளின்மேல் மரபணுவை ஏற்றினர். துளைகளுள் அதனை இயக்கும் வேதிப்பொருளை வைத்தனர். பொன் நுண்துகளால் மூடியிட்டனர். மரபணுத் துப்பாக்கி கொண்டு புகையிலை இலையினுள் செலுத்தினர். மூடி திறந்தபின் மரபணு செயற்பட்டது. செய்தியையும் அதைப் படிக்கும் கருவியையும் ஒரே தூதுவன் கொண்டு சென்றமை கருதத்தக்கது.

நம் வயலின் உமி

1895இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீரால் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் பாசனம் பெறுகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அதனை எரித்தால் 4 கிலோ அளவில் சாம்பல். அச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காவே. துளையுடைய துகளை இவ்வுமிச் சாம்பலிலிருந்தும் ஆக்க இயலும். திருச்செங்கோடு கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் உமியிலிருந்து நானோ சிலிக்கா எடுத்து மக்காச்சோளத்துக்கு இட்டு, அதன் வளர்ச்சி மேம்பட்டதை 2012இல் வெளியிட்டனர். அது துகளையே பயிருக்கு ஊட்டமாக இட்ட ஆய்வு. தூதாக அனுப்பும் ஆய்வு நம் மாணவருக்காகக் காத்திருக்கிறது.

எச்சரிக்கை

கல் உடைப்போர் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குப் படிகச் சிலிக்காத் தூசியே காரணம். மருந்தேந்தும் துகள் படிகமற்றது. உடலில் மெல்லக் கரையக்கூடியது. எனினும் உமியை 700 டிகிரி செல்சியசுக்கு மேல் எரித்தால் படிகம் தோன்றும் இடர் உண்டு. துகளின் அளவு, வடிவு, மேற்பூச்சு ஆகியவற்றுக்கேற்ப அதன் விளைவும் மாறும். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஐந்து புற்றுநோயாளருக்கு, நோயிடத்தைப் படம்பிடித்துக் காட்டும் மிகச் சிறிய சிலிக்காத் துகள்கள் செலுத்தப்பட்டதில், தீங்கு நேராமல் அவை சிறுநீரகவழி வெளியேறின. ஐவரின் நலம் நற்செய்தியே. ஆயினும் ஆயிரவர்க்கு அது போதிய சான்றாகாது. துளையுடைய துகள்வழிப் புற்றுநோய் மருத்துவம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

முடிவுரை

பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்பே அல்-அமீன், நம்பிக்கைக்குரியவர் எனப் போற்றப்பட்டார்கள். ஹிஜ்ரத்தின்போது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்க்குமாறு அலீ (ரலி) அவர்களைப் பணித்துச் சென்றார்கள் என்பது வரலாறு. அமானிதத்தை உரியவரிடம் சேர்த்தல் ஈமானின் அடையாளமாகும். நோயாளியின் உடலும் உழவனின் நிலமும் ஆய்வாளன் கையில் அமானிதங்களே. தூது போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. சென்ற இடத்திலும் வழியிலும் தீங்கு செய்யாதிருத்தல் வேண்டும். இவ்வறத்தை உளங்கொண்டு, நம் வயலின் உமியிலிருந்து நோய் தீர்க்கும் தூதுவனை ஆக்க நம் மாணவமணிகள் முன்வருவார்களாக!