செப்புவடமும் ஊட்டுநிரையும்: தொலைபேசி வரைபட மென்பொருளில் ஒரு கலைச்சொற் சிக்கல்

தொலைபேசித் துறையில் ‘கேபிள்’ என்னும் சொல் மண்ணில் புதைந்துள்ள பொருளையும், அதனூடே செல்லும் இணைகளின் எண்வரிசையையும் ஒருசேரக் குறிக்கிறது. தாள் வரைபடத்தில் இதனால் பெரிய இடர் நேரவில்லை. வரைந்தவரே களத்திலும் நின்றார். வரைபட மென்பொருளோ இவ்விரண்டையும் தனித்தனியே கேட்கிறது. ‘ஃபீடர்’ என்று அது வழங்குவது இரண்டாவதையே. இவ்வேறுபாட்டைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நிலையத்தின் முதன்மைப் பகிர்வுச் சட்டகத்திலிருந்து தெருவோரக் கேபினெட் வரை செல்வது முதன்மை வடம். அதற்கப்பால் துணை வடமும், டி.பி. எனப்படும் பகிர்வுமுனையும், வீட்டுக்குச் செல்லும் கம்பியும் அமையும். ஃபீடர் முதற்பகுதிக்கு உரியது.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்துக்கு ஒரு பாதை செல்வதாகக் கொள்வோம். நகர நிலையத்திலிருந்து புறப்படும் 400 இணை வடம் வழியில் ஓர் இணைப்பில் இரண்டாகப் பிரிகிறது. 1 முதல் 200 வரை ஒருபுறம் செல்ல, 201 முதல் 400 வரை ஊரை நோக்கி வருகின்றன. ஊருக்கு வருவது 200 இணை வடம் என்பதால், பதிவுசெய்பவர் அதனை மீண்டும் 1 முதல் எண்ணிவிடுவது இயல்பு. அவ்வாறு எண்ணினால் கேபினெட்டில் முதல் இணையாகக் காட்டப்படுவது சட்டகத்தில் 201ஆம் இணையாக இருக்கும். பழுது நீக்க வருபவர் வேறொருவரின் இணைப்பைச் சோதிப்பார்.

இப்பிழையை நிறமும் காட்டிக்கொடுப்பதில்லை. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஆகிய ஐந்தும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஆகிய ஐந்தோடு கூடி 25 இணைகளை வேறுபடுத்துகின்றன; பின்னர் அதே வரிசை திரும்ப வரும். 200 என்பது 25இன் மடங்கு. எனவே 1ஆம் இணையும் 201ஆம் இணையும் வெள்ளை–நீலமே. இழைநிறத்தை மட்டும் நோக்குபவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

ஆகவே மென்பொருளில் முதலில் நிலையத்திலேயே ஃபீடருக்குப் பெயரும் மொத்த இணை எண்ணிக்கையும் தரப்பட வேண்டும். வடத்துண்டுகளை வரைவது அடுத்த பணி. ஒவ்வோர் இணைப்பிலும் எந்த எண்கள் எத்திசையில் செல்கின்றன, எவை பயனற்றுப் போயின என்பது அதன்பின் குறிக்கப்படும். துண்டின் கொள்ளளவைக் கொண்டு எண்ணை உய்த்துணர்வது தவறு.

‘ஊட்டுவடம்’ என்னும் மொழிபெயர்ப்பு எளிதில் தோன்றுவது. எனினும் அது மீண்டும் பொருளையே சுட்டுகிறது. தேர்வடம் என்னும் வழக்கில் உள்ளதுபோல வடம் என்பது கையால் பற்றக்கூடியது. எண்வரிசையைக் குறிக்க ‘ஊட்டுநிரை’ என்பது பொருந்தும். காஞ்சி நெசவில் இதற்கு ஒப்புமை உண்டு. தீர்ந்த பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும்போது இழை மாறுகிறது, வரிசை மாறுவதில்லை. நெசவாளர் இழையையும் பாவையும் ஒரே சொல்லால் அழைப்பதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றனர். தாளில் ஏறாத இணைப்பு விவரங்கள் பல களப்பணியாளர் நினைவில் மட்டுமே இருப்பவை. கண்ணாடியிழை வந்தபின் செப்பு வடத்தை அகற்றுவதற்கும், எந்த இணையில் இன்னும் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை நிரையே கூற வேண்டும்.