சுழன்றேறும் உணவகம்

நுழையும்முன்

உணவகம் பசியாற்றும் இடம் மட்டுமன்று. அதைக் கட்டியவரின் அறிவும் நடத்துவோரின் உழைப்பும் அங்கே கலந்திருக்கும். திருவனந்தபுரத்து உணவகம் ஒன்றின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

வட்டக் கட்டடம்

திருவனந்தபுரம் தம்பானூரில், தொடர்வண்டி நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, செங்கல்லால் ஆன வட்ட வடிவக் கட்டடம் ஒன்று உள்ளது. நாகர்கோவிலிலிருந்து வந்திறங்கும் பயணியர் கண்ணில் அது எளிதில் படும். அதுவே இந்தியன் காப்பி ஹவுஸ்.

அதன் உள்ளமைப்பு வியப்பூட்டுவது. தரையே சரிவுப்பாதையாகச் சுழன்று மேலே செல்கிறது. வெளிச்சுவரை ஒட்டி, மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. தரை சரிந்திருந்தாலும் மேசை சமமாகவே இருக்கிறது. தட்டில் ஊற்றிய சாம்பார் ஒரு பக்கமாக ஓடுவதில்லை. சுவரில் வரிசையாக விடப்பட்ட சிறு திறப்புகள் வழியே காற்றும் வெளிச்சமும் உள்ளே வருகின்றன.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இவர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1945இல் இந்தியா வந்து, தொழுநோயாளருக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணியில் ஈடுபட்டார். ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவரை ஆழமாகத் தொட்டது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, குறைந்த செலவில் பல வீடுகளைக் கட்டித் தந்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார். சிறிய மனையிலும் பலர் அமர்ந்து உண்ண வழி செய்தது அவரது திறமை.

தொழிலாளரே உரிமையாளர்

கட்டடத்தைவிட வியப்பானது அதை நடத்துவோரின் கதை. காப்பி வாரியம் நாட்டின் பல நகரங்களில் காப்பிக் கடைகளை நடத்திவந்தது. 1950களில் அவற்றை மூட முடிவு செய்தபோது, தொழிலாளர் பலர் வேலையிழக்கும் நிலை வந்தது. அப்போது மக்களவை உறுப்பினராக இருந்த ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு வழி காட்டினார். வேறு முதலாளியைத் தேடாமல், தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை நடத்தலாம் என்பதே அவ்வழி.

1957இல் பெங்களூருவில் முதற்சங்கம் தோன்றியது. கேரளத்தில் 1958இல் திருச்சூரில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. வேலையிழந்தவர்களுள் ஒருவரான என். எஸ். பரமேஸ்வரன் பிள்ளை இதற்குப் பெரிதும் உழைத்தார். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்குத்தொகை செலுத்துவர்; நிருவாகக் குழுவைத் தாமே தேர்ந்தெடுப்பர். பணியாளரும் அவர்களே, உரிமையாளரும் அவர்களே.

வெண்ணிறச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்தவர்கள் இங்கே பரிமாறுகின்றனர். மசால் தோசையைப் பிரித்தால், உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டும் சேர்ந்து சிவந்திருக்கும். கட்லெட்டும் அதே நிறம். மாணவர், வழக்கறிஞர், சுமைதூக்குவோர் என யார் வந்தாலும் ஒரே இருக்கை, ஒரே விலை.

தட்டில் வரும் சொற்கள்

திருவனந்தபுரத்து உணவகங்களில் 'வெள்ளம்' கேட்டால் குடிநீர் வரும். தமிழில் இன்று அச்சொல் பெருக்கெடுத்து ஓடும் நீரைக் குறிக்கிறது. ஆனால், 'நீர்' என்னும் பொருளிலேயே திருக்குறள் அதை ஆள்கிறது. மலையாளத்தில் மதிய உணவைக் குறிக்கும் 'ஊணு' என்பதும், திருக்குறளில் உணவைக் குறிக்கும் 'ஊண்' என்பதும் ஒரே சொல்லே. 'கறி' என்பது இன்று தமிழரிடையே பெரும்பாலும் இறைச்சியைக் குறிக்கும். மலையாளத்தில் காய்கறிக் குழம்பும் கறியே. பழந்தமிழில் கறி என்பது மிளகு.

வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் பிள்ளைகள், இரண்டையும் கலந்து பேசிவிட்டதாக நாணுவதுண்டு. நாண வேண்டியதில்லை, எச்சொல் எம்மொழியில் என்ன பொருள் தரும் என்று அறிந்து பேசினால் போதும். அவ்வறிவு, ஒரு மொழி மட்டும் தெரிந்தவருக்கு எளிதில் வாய்க்காதது.

சொல்லும் பொருளும்

மனை – வீடு கட்டும் நிலம்
சரிவுப்பாதை – படியின்றி ஏறியிறங்கும் வழி
பங்குத்தொகை – உறுப்பினர் செலுத்தும் முதல்
நாணுதல் – வெட்கப்படுதல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தம்பானூர் காப்பி ஹவுஸை வடிவமைத்தவர் ________.
2. பழந்தமிழில் 'கறி' என்பதன் பொருள் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. காந்தியடிகளின் எக்கருத்து பேக்கரைத் தொட்டது?
2. தொழிலாளர் ஏன் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர்?

இ. பிரித்து எழுதுக.
வெளிச்சுவர், அவ்வழி, அவ்வறிவு

ஈ. சிந்தனை வினா
ஒருவரே உரிமையாளராக இருக்கும் கடைக்கும் கூட்டுறவுக் கடைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

உ. செயல்பாடு
வீட்டில் பேசும் உணவுப் பெயர்கள் பத்தினைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு எழுதுக. அவற்றுக்கு இணையான மலையாளச் சொற்களை எதிரே எழுதி, ஒத்தவற்றை வட்டமிடுக.